மூங்கில் சாசனம்

போன வருஷம் கியோட்டோ மூங்கில் தோப்பில், யாரும் பார்க்காத நேரத்தில் தணிகாசலம் சாவியால் தன் பெயரைக் கீறியிருந்தார். இந்த வருஷம் மகளோடு வந்தால், அந்த மூங்கிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. மழையில் கறுத்துப்போன எழுத்தைப் பழங்காலத் தமிழ்ச் சாசனம் என்று நம்பி, தோப்புக் காவலர் தினமும் குனிந்து வணங்கிக் காத்து வருகிறாராம். இவர்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும், படித்துச் சொல்லும்படி ஜப்பானிய மொழி தெரிந்த மகளிடம் கெஞ்சினார்.

மகள் எழுத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்க்கவில்லை.

"நீங்களே படிங்கப்பா."

"மூங்கில்ல கீறாதேன்னு போட்டிருக்கும்மா."

அப்படியே மொழிபெயர்த்தாள். காவலர் கண்கலங்கி ஏதோ கேட்டார்.

"படிச்சுச் சொன்ன பெரியவர் பேரைப் பலகையில எழுதி வைக்கணுமாம். என்ன பேர் சொல்லட்டும்ப்பா?"