தேடும் கை போகிற இடம்

என் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படித்த கல்லூரியின் பழைய மாணவர்களுக்கான இணையதளம் அது. அதில் அவளுக்கென்று ஒரு பக்கம் இருந்தது.

"இன்னிக்கும் யாரும் வரலை" என்றாள். "மூணு வருஷம் ஆச்சு. ஒருத்திக்குக் கூடவா என் ஞாபகம் இல்லை?"

"எல்லாரும் பேரன் பேத்தி பின்னாடி ஓடிட்டு இருப்பாங்க."

"என் சிநேகிதி நெட்டை கூடவா? நாங்க ஒரே ரூம்ல இருந்தோம்ங்க."

மருந்துச் சீட்டோடு கீழே போனேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

அவள் போன மூன்றாவது மாதம் ஒரு நாள், என் அக்கா செருப்பைக் கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தாள்.

"ஏண்டா, அந்தக் காலேஜ் சைட்டுல அவ பேருக்குப் பக்கத்துல இருந்த உன் பேரை எடுத்துட்டியாமே?"

பின்னால் என் மகள் நின்றிருந்தாள். வத்தி வைத்தது யார் என்று தெரிந்துவிட்டது.

"எடுத்துட்டேன். அவ அப்பா பேரைப் போட்டுட்டேன்."

"போட்டோவையும் மாத்திட்டாரு அத்தை" என்றாள் மகள். "ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற போட்டோ எவ்வளவு நல்லா இருந்துச்சு! இப்ப ரெட்டைச் சடையோட ஏதோ கறுப்பு வெள்ளை. 'குண்டூசி'ன்னு பட்டப்பேரு வேற. ஹாஸ்டல் ரூம் நம்பர் கூட எழுதியிருக்காரு."

"பார்க்கிறவங்க அவளுக்குக் கல்யாணமே ஆகலைன்னு நினைப்பாங்கடா!"

"நினைக்கட்டும். அப்படித்தான் இருக்கணும்."

"கேட்டியாடி? மூணே மாசத்துல அத்துவிட்டுட்டான். அடுத்து மாலையும் கழுத்துமா எவளையாவது கூட்டிட்டு வந்து நிப்பான் பாரு."

"அறுபத்தெட்டு வயசுல எவக்கா வருவா?"

மகள் சிரித்துவிட்டாள். உடனே அவள் கண் கலங்கியது. "விளையாடாதீங்கப்பா. அம்மாகிட்ட இருந்து உங்களை ஏன் அழிக்கிறீங்க?"

நான் எட்டாவதோடு நின்று லேத் பட்டறைக்குப் போனவன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி இந்த மாற்றங்களைச் செய்யவே பதினோரு நாள் பிடித்தது. விளக்கம் சொல்லவும் எனக்குப் பட்டறைப் பேச்சுதான் வரும்.

"ஸ்பேனரை அழகான இடத்துல மாட்டக் கூடாதும்மா. தேடுற கை எங்கே போகுமோ அங்கே மாட்டணும். அந்தக் காலேஜ்ல உங்கம்மா பேர்ல மட்டும் முப்பத்தாறு பேர் இருக்காங்க. என் பேரை வெச்சு அவளை யார் தேடுவா? கூடப் படிச்சவங்களுக்கு நான் யாரு?"

"அம்மாவும்தானே நெட்டையைத் தேடினாங்க?"

"அவளும் அவ வீட்டுக்காரர் பேருக்குப் பின்னாடி இருந்திருப்பா."

இன்னும் ஒரு கட்டம்தான் பாக்கி. அவள் காலியாகவே விட்டிருந்த, படித்து முடித்த வருடம். அதை நிரப்பினால்தான் அந்த வருட மாணவிகளின் அறிவிப்புப் பலகை திறக்கும் என்பது முந்தின நாள்தான் எனக்குப் புரிந்திருந்தது. அவர்கள் முன்னாலேயே நான்கு எண்களையும் தட்டினேன்.

திரை மாறியது. மகள் போனைப் பிடுங்கி வாசித்தாள்.

"'காணவில்லை: எங்கள் குண்டூசி. அறை எண் பதினாலு. அடியே, எந்தப் பேர்ல ஒளிஞ்சுட்டு இருக்கே? இப்படிக்கு, நெட்டை.'" அவள் திரையைக் கீழே தள்ளினாள். "ஆறு வருஷம் முன்னாடி போட்டதுப்பா. ஒவ்வொரு வருஷமும் அம்மா பிறந்த நாள் அன்னிக்கு அதுக்குக் கீழே எழுதியிருக்காங்க. நெட்டை மட்டும் இல்லை, நிறைய பேர்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாவிமக! ஆரம்பத்துலயே அப்பா பேரைப் போட்டுத் தொலைச்சிருக்கலாமேடா."

"போட்டாக்கா. முதல் நாள் அதைத்தான் போட்டா. காலேஜ் வாசலையே மிதிக்காதவன் பேரும் ஒரு காலேஜ் சைட்டுல இருக்கட்டுமேன்னு நான்தான் அதை அழிச்சேன்."

அந்தப் பக்கத்தை இதுவரை அறுபத்து மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். என் பேர் அதில் இல்லை.