இரண்டே வார்த்தை

மேடையில் கணவரின் தலை சாய்வதை அவள் முதல் வரிசையிலிருந்து பார்த்தாள்.

இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

தூங்குகிறார்.

மாதக்கணக்கில் கண்ணோடு கண் மூடாத மனிதர். தோளில் பொன்னாடை, முன்னால் மைக், தலைக்கு மேல் ஃபிளெக்ஸ் பேனர். அதற்கடியில் தூங்குகிறார்.

பேனரில், கணவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் கன்னத்தில் கை வைத்துச் சிரித்தார். பெயருக்கு முன்னால் 'உறக்கச் செம்மல்' என்று போட்டிருந்தது. பட்டம் கொடுத்த சங்கத்துக்கும் அவரே தலைவர்.

செம்மல் பேசிக்கொண்டிருந்தார். இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன் என்று காலையில் ஆரம்பித்தவர். இப்போது பந்தியிலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது.

அந்தக் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஏரித் தண்ணீர் மாதிரி கிடந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக அதில் இறங்கின. கொஞ்ச நேரம் சொல்லின் வால் மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

மின்விசிறிகள் துடுப்பு வலித்தன.

பின்வரிசைக்காரர்கள் எப்போதோ சிகிச்சை பெற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கணவரை மேடையேற்றியதே நிரூபணத்துக்குத்தான். தூக்கம் வராத வியாதியும், தூங்கினால் மூச்சு நின்றுபோகிற வியாதியும் ஒரே உடம்பில். இரண்டையும் வென்று காட்டிய நோயாளி.

வென்ற கதை அவளுக்குத் தெரியும்.

தூங்கினால் மூச்சு நிற்கும். மூச்சுக்காக டாக்டர் கொடுத்த காற்று இயந்திரத்தின் முகமூடியைப் போட்டால் தூக்கம் நிற்கும்.

தும்பிக்கை முளைத்த முகத்தோடு விடியும்வரை கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார். இயந்திரமும் விடியும்வரை காற்றை ஊதும். எவ்வளவு நேரம் ஓடினேன் என்று அது டாக்டருக்குச் சொல்லிவிடும். அவ்வளவு நேரமும் இவர் விழித்திருந்தார் என்று அதற்குத் தெரியாது. டாக்டர் கேட்டால் இவரும் பரவாயில்லை என்று சொல்லிவைப்பார். பெரிய மனுஷர் மனசு நோகக் கூடாதல்லவா.

முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண் அயர்கிற ராத்திரிகளில் அவள்தான் இயந்திரம். மூச்சு நின்றதும் விலாவில் முழங்கையால் ஒரு இடி. மூச்சு வரும். தூக்கம் போகும். வளையல் சத்தத்துக்கே விழித்துக்கொள்கிற மனிதர்.

அப்புறம் இருவருமாகக் கூரையைப் பார்ப்பார்கள்.

மைக் வழியாக முதல் குறட்டை அரங்கத்தில் பரவியது.

சிரித்தார்கள். தம் பேச்சுக்கென்று எண்ணி, செம்மல் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது குறட்டை. மூன்றாவது.

பிறகு ஒன்றுமில்லை.

குறட்டைக்குச் சிரித்தவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். அவளுக்குக் கேட்டது அந்த ஒன்றுமில்லைதான்.

முழங்கை தானாகவே இடித்தது. பக்கத்து நாற்காலி அம்மாள் திடுக்கிட்டு எழுந்து கைதட்டினாள்.

மேடை எங்கோ தொலைவில் மிதந்தது. கூப்பிட்டால் விழித்துவிடுவார். விழித்தால் அவ்வளவுதான், இனி எப்போது வருமோ. கூப்பிடாவிட்டால்.

அவர் உதட்டின் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

அவள் வளையல்களை முழங்கைவரை ஏற்றி இறுக்கிக்கொண்டாள். செருப்பை விட்டாள். படியேறினாள்.

செயல்விளக்கத்துக்காக ஓர் இயந்திரம் மேசையில் தயாராக இருந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, சின்ன மாலையும் போட்டிருந்தார்கள். முகமூடியை எடுத்து அவர் மூக்கில் பொருத்தினாள். வாரைப் பின்னந்தலைக்கு இழுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

காற்று வந்தது.

மார்பு ஒருமுறை துள்ளியது. பொன்னாடை மெல்ல உயர்ந்தது. இறங்கியது. மறுபடி உயர்ந்தது. அதன் சரிகை, வெயில் பட்ட அலை மாதிரி மினுங்கி மினுங்கி அடங்கியது.

கண் திறக்கவில்லை.

முகமூடிக்குள் அவர் தூங்கி அவள் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஏதோ நடக்கிறதென்று செம்மல் திரும்பினார். பேச்சு நின்றது.

கணவரின் இமைகள் அசைந்தன.

அவள் இமைகளைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பேசிட்டே இருங்க."

செம்மலின் வாய் திறந்தபடி நின்றது. ஆயுளில் எத்தனையோ மேடை. துண்டுச்சீட்டு கொடுத்திருக்கிறார்கள். மணி அடித்திருக்கிறார்கள். ஒரு கல்லூரியில் விளக்கையே அணைத்துப் பார்த்தார்கள். இதை மட்டும் யாரும் சொன்னதில்லை.

காகிதங்களைப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போனார்.

அவையோரே, என்று ஆரம்பித்தார். தாலாட்டுகிறவர் மாதிரி, மிக மெதுவாக.

நன்றியுரைக்கு எழுந்தவர் உட்கார்ந்தார்.

இமைகள் அடங்கின.

வராத சிறப்பு விருந்தினரின் நாற்காலி கணவர் பக்கத்தில் காலியாக இருந்தது. உயர்ந்த முதுகு, சிவப்பு வெல்வெட். ஒரு நிமிஷம் உட்காரலாமென்று உட்கார்ந்தாள். முழங்கையை அவர் விலாவுக்கு நேராக வைத்துக்கொண்டாள். பழக்கம்.

பொன்னாடை உயர்ந்தது. இறங்கியது.

ஏரி மேடைமேல் ஏறி வந்தது. முதலில் பாதம் நனைந்தது. பிறகு புடவைக் கரை. பேனரில் இருந்தவர் கன்னத்துக் கையோடு ஆடி ஆடிக் கலைந்தார்.

அவள் கை தூக்கத்தில் தளர்ந்து தொங்கியது. ஏற்றி வைத்த வளையல்கள் ஒவ்வொன்றாக நழுவி மணிக்கட்டுக்கு வந்தன. மைக் அந்தச் சத்தத்தை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது.

இருவரும் விழிக்கவில்லை.