மரத்துக்கு ஒரு சீட்டு

"மெதுவா அறு, கண்ணு. கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பரிசு பிரிக்க விரல் வேண்டாமா?"

டார்லீன் முழங்கால் ஆழப் பனியில் மண்டியிட்டு, ஃபிர் மரத்தின் அடியில் ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். பனியில் மூன்று சொட்டு ரத்தம் விழுந்தது.

ரம்பம் பட்டு வந்த ரத்தம் இல்லை அது. மூக்கிலிருந்து வந்தது. கண்ணு என்று கொஞ்சியவன்தான் கால் மணி நேரத்துக்கு முன் கோடாலிக் காம்பால் அந்த மூக்கை உடைத்திருந்தான்.

ராய்ஸ் அவளுடைய முன்னாள் கணவன். அவளை அடித்ததற்காக மூன்று வருஷம் சிறையில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வெளியே வந்தான். அவள் பக்கமே போகக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டிருந்தது. உத்தரவு அவள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. ராய்ஸ் அவளுடைய பிக்கப் வண்டியின் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக் காடு வரை வந்திருந்தான்.

காலையில் மலையடிவாரச் சாவடியில் கிறிஸ்துமஸ் மரம் வெட்டும் அனுமதிச் சீட்டைக் கொடுத்தபோது வனக்காவலர் ஹோலிஸ், "தனியாவாம்மா போற?" என்று கேட்டார். "ஒரு மரத்துக்கு எத்தனை பேர் வேணும்?" என்று சிரித்தபடி சீட்டைக் கோட்டின் உள்பையில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். இப்போது நினைத்தால் அவளுக்கே அந்தச் சிரிப்பின் மேல் ஆத்திரம் வந்தது.

மரம் சாய்ந்தது.

"டெஸ் எங்க? என் பொண்ணு?"

"என் அக்கா வீட்டுல."

அவன் அவளுடைய இடது சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். சுள்ளி முறிவது போலச் சத்தம் வந்தது. அவள் அலறியது அந்தக் காட்டில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"வீட்டுல... நம்ம வீட்டுலதான். பக்கத்து வீட்டுப் பொண்ணு பாத்துக்கிறா."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? இப்ப குடும்பமா வீட்டுக்குப் போறோம். பொழுது சாயறதுக்குள்ள பிள்ளையோட நான் கனடாப் பக்கம் போயிடுவேன். நீ..." முடிக்காமல் கத்தியால் அவள் கன்னத்தில் தட்டினான்.

டெஸ்ஸுக்கு ஏழு வயது. அப்பா என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு கேட்ட சத்தம்தான் அவளுக்கு ஞாபகம். அந்தப் பிள்ளைக்கும் இவனுக்கும் நடுவில் இருந்த ஒரே மனிதர் ஹோலிஸ்.

"வெறும் வண்டியா போனா அந்தக் கிழவன் நோண்டி நோண்டிக் கேப்பான். மரத்தோட போனா கையை ஆட்டுவான்" என்றான் ராய்ஸ். "சீட்டு எங்கடி? மரத்துல கட்டலைன்னா நிறுத்திடுவான். இந்த ஊரு சட்டம் எனக்கும் தெரியும்."

டார்லீன் டாஷ்போர்டு பெட்டியை முகவாயால் காட்டினாள். கையுறை, உடைந்த டார்ச், மிட்டாய்த் தாள் எல்லாவற்றையும் வாரிக் கொட்டி, அடியிலிருந்து ஒரு பச்சைச் சீட்டை உருவினான். எண் இருந்தது, முத்திரை இருந்தது. அடிமரத்தில் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

பிறகு பனியை அள்ளி அவள் முகத்தில் கரகரவென்று தேய்த்து ரத்தத்தைத் துடைத்தான். மப்ளரை அவள் கண்ணுக்குக் கீழ் வரை ஏற்றிச் சுற்றினான்.

"ஒரு வார்த்தை பேசின, முதல் குத்து அந்தக் கிழவனுக்கு. அடுத்தது உனக்கு. இருமக்கூடக் கூடாது."

சாவடியில் எட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. ஹோலிஸ் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. வண்டியின் பின்னால் போவார், அடிமரத்தில் கட்டிய சீட்டைப் பார்ப்பார், கையை ஆட்டுவார்.

அவர்கள் முறை வந்தது. மேல்சட்டைக்குள் ஒளித்த கத்தியின் முனை டார்லீனின் விலாவில் அழுத்தியது.

"மெர்ரி கிறிஸ்துமஸ், சார்!" என்றான் ராய்ஸ், பல்லெல்லாம் தெரிய. "வீட்டுக்காரிக்குத் தொண்டை கட்டிப்போச்சு. எனக்குக் கொஞ்சம் நிம்மதி."

ஹோலிஸ் சிரித்தார். பின்னால் போய்க் குனிந்தார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார், விட்டார். ஜன்னலுக்கு வந்து, "நல்ல மரம். போயிட்டு வாங்க" என்று கையை ஆட்டினார்.

டார்லீன் கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்தபடி, கியரைப் போட்டாள்.

"ஒரு நிமிஷம் தம்பி. கயிறு தொளதொளன்னு இருக்கு, ஊர் போறதுக்குள்ள மரம் ரோட்டுல கிடக்கும். இறங்கி இழுத்துக் கட்டிட்டுப் போங்க."

ராய்ஸ் முணுமுணுத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டுதான் இறங்கினான்.

கால் தரையில் படுவதற்குள் ஹோலிஸின் தடி அவன் மணிக்கட்டில் இறங்கியது. கத்தி தெறித்தது. ஹோலிஸின் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தவனுக்கு இரண்டாவது அடி முட்டியில் விழுந்தது. கீழே விழுந்த பிறகு போட்ட மூன்றாவது அடி கொஞ்சம் அதிகம்தான். வரிசையில் நின்றவர்கள் யாருக்கும் அது ஞாபகமில்லையாம்.

கையில் விலங்கும் முதுகில் ஹோலிஸின் முழங்காலுமாக, சேற்றுப் பனியில் முகம் புதையக் கிடந்தான் ராய்ஸ்.

"ஏண்டி! நீ வாயையே திறக்கலையேடி!"

டார்லீன் மெல்ல இறங்கி வந்தாள். கோட்டின் உள்பைக்குள் கையை விட்டு, ஒரு ஆரஞ்சுச் சீட்டை எடுத்து அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"காலையில இவர் எனக்குத் தந்தது இது. நீ கட்டினது போன வருஷத்துது."