கண்டெடுத்தவரின் முழுப்பெயர்

உடல் நீளம் நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். நிறம் பழுப்பு. முன்சிறகுகள் குட்டை, தம்பி சட்டையை அண்ணன் போட்டுக்கொண்டதுபோல வயிறு முழுக்க வெளியே.

தம்பி சட்டை உவமையை மட்டும் அவள் அழித்தாள். ஆய்விதழ்க்காரர்களுக்கு அதெல்லாம் பிடிக்காது.

மியூசியத்தின் பூச்சிப் பிரிவில் பதினான்கு வருடம். உலகத்தில் யாருமே இதுவரை எழுதிவைக்காத ஒரு வண்டு அவள் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மாலை நான்கு மணிக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அடுத்த இதழ். அதற்குள் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள்.

குட்டைச்சிறகு வண்டுகளில் இது எறும்புப் புற்றில் குடியிருக்கிற ஜாதி. எறும்பு மாதிரியே நடக்கும், எறும்பு மாதிரியே மணக்கும். சந்தேகப்பட்டு எறும்பு ஒன்று கிட்டே வந்து தடவிப் பார்த்தால், வாலை உயர்த்தி ஒரு சொட்டு இனிப்பு கசியவிடும். எறும்பு அதை நக்கிவிட்டு, நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்று வாயில் ஊட்டிவிட்டுப் போகும்.

கண்டுபிடித்தவர் வீட்டில் கூடவே இருக்கும் மாமா. கொல்லைப்புறப் பூந்தொட்டிக்கு அடியில் எறும்பு வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், மாத்திரை டப்பாவில் பிடித்துக்கொண்டு வந்தார். "இது ஒண்ணு மட்டும் நடக்கிற நடை சரியில்லம்மா" என்றார்.

கண்டெடுத்தவர் பெயரையே வண்டுக்கு வைப்பது அவள் தொழிலில் ஒரு மரியாதை. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது: முழுப்பெயர்.

"ஏங்க, மாமாவோட முழுப்பேரு என்ன?"

அடுத்த அறையில் கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கே! உன் சொந்தக்காரர் பேரை என்கிட்ட கேக்கற?"

அவள் எழுந்து அந்த அறை வாசலுக்கு வந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது. சட்டையிலிருந்து புகை கிளம்பியது.

ஒன்பது வருடம்.

மியூசியம் ஒதுக்கிய இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்த அன்று, சாமான் வண்டியிலிருந்து பீரோவை இறக்க ஒரு பக்கம் தோள்கொடுத்தவர் அவர். அவர்கள் பெண்ணின் முதல் பிறந்தநாள் புகைப்படத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். புருஷன் வீட்டு ஆள் என்று நினைத்து அவள் மாமா என்றாள். பெண்டாட்டி வீட்டு ஆள் என்று நினைத்து அவனும் மாமா என்றான். யாரென்று விசாரித்தால் மற்றவர் மனம் நோகுமே என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஜன்னல் வைத்த அறையை அவர் எடுத்துக்கொண்டபோது, கணவனுக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் ஆளைப் பொறுத்துக்கொள்கிறோம் என்ற பெருமிதத்திலேயே பல சண்டைகளில் அவன் இறங்கி வந்தான். அவளும் அப்படித்தான் இறங்கி வந்தாள். யோசித்துப் பார்த்தால், அவர்கள் குடித்தனத்தில் இருந்த நல்ல குணம் அத்தனையும் அந்த மனிதரின் பேரில்தான் நடந்திருந்தது.

அவர் போய்விட்டால் இனி யாருக்காக விட்டுக்கொடுப்பது?

"அப்ப யாரு இவரு?" கணவன் கிசுகிசுத்தான்.

"நீங்க கேளுங்க."

"பூச்சிக்குப் பேர் வைக்கறது நீதானே, நீயே கேளு."

மணி மூன்றரை.

மாமா சமையலறை வாசலில் மணைமேல் உட்கார்ந்து, பெண்ணின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். இவர்கள் இரண்டு பேரும் ஜோடியாக வந்து நின்றதைப் பார்த்ததும் ஊசியைச் சட்டையில் குத்திவைத்தார்.

"மாமா, அந்த வண்டுக்கு உங்க பேரை வைக்கணும். முழுப்பேரு சொல்றீங்களா?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். இரண்டு பேருடைய உறவிலும் கேள்விப்படாத பெயர்.

"நீங்களே பேச்சை எடுத்ததால கேக்கறேன்," என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "தப்பா எடுத்துக்கக் கூடாது. வந்து தங்கினவங்கள யாருன்னு கேட்டா மனசு கஷ்டப்படுமேன்னு இத்தனை வருஷமா வாயே திறக்கல. மாமான்னு கூப்பிடறீங்க, அதனால அக்கா வழின்னு மட்டும் புரிஞ்சுது. எனக்கு அக்கா ரெண்டு. நீங்க பெரிய அக்கா வழியா, சின்ன அக்கா வழியா?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. குடிவந்த அன்று சாவி அவள் கையில்தான் இருந்தது. பூட்டில் நுழைப்பதற்குள் கதவு திறந்துகொண்டது, உள்ளேயிருந்து.

கணவன் அவளைப் பார்த்தான். அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"பெரிய அக்கா வழி, மாமா," என்றாள். எவ்வளவு இனிப்பாகச் சொன்னோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் கிட்டே வந்து, முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"அதானே பார்த்தேன். அந்த மூக்கு அப்படியே இருக்கு," என்றவர், அடுப்புப் பக்கம் திரும்பினார். "சரி சரி, எழுதறதை எழுதிட்டு வாங்க ரெண்டு பேரும். சாப்பாடு ஆறுது."