புள்ளியும் குண்டும்

மலைச்சரிவில் தான் வரைந்து எழுப்பிக்கொண்டிருந்த மரவீட்டின் உத்தரத்திலிருந்து செல்வின் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டிருந்தார். தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்க்கத்தான். தொங்கவிட்ட அன்று குண்டின் முனைக்கு நேர்கீழே, பலகைத்தரையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். நேற்று குண்டு அந்தப் புள்ளியைவிட்டு ஒரு விரல் தள்ளி நின்றது. இன்று காலை நான்கு விரல்.

“காத்துல ஆடியிருக்கும் சார்,” என்றாள் வீட்டுக்காரி பியூலா. மழை விட்டதும் வேலையைப் பார்க்க வந்தவள், அதே உத்தரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள்.

“காத்து ஆட்டினா திரும்பி வந்துடும்மா. குண்டு எப்பவும் நேராத்தான் தொங்கும். நகர்றது தூண்.”

“தூணுக்குக் கால் முளைச்சிருச்சா?” என்று சிரித்தாள்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கல்வீடு என்றால் இந்நேரம் சுவர் வெடித்துக் காட்டிக்கொடுத்திருக்கும். இது மர ஆணி அடித்து, வளைந்துகொடுக்கும்படி அவரே வரைந்த வீடு. ஒரு முனகல்கூட இல்லாமல், மழையில் இளகிச் சரியும் மலையோடு சேர்ந்து சாய்ந்துகொண்டிருந்தது.

“பிள்ளையை எடும்மா,” என்றார் மெல்ல. “சரிவுல கீழே இறங்காதே. பக்கவாட்டுல, அந்தப் பாறை வரைக்கும் போ.”

அவள் தூளிக்குள் கைவிட்டாள். காற்றில்லை. குண்டு அசையவில்லை. புள்ளிதான் அதைவிட்டு மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தது.