குழாய்ப் பரிசோதனை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. இரண்டாம் மாடி வீட்டின் நான்கு குழாய்களும் வினிகர் நிரப்பிய பாலிதீன் பைகளுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றன. பைகள் நழுவாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"பத்து மணிக்கு வந்துடுவாங்க," என்றாள் மனைவி. "நுழைஞ்சதும் முதல்ல குழாயைத்தான் பாப்பாங்களாம். கீழ் வீட்டுல உப்புக் கறையைப் பாத்துட்டு, உக்காரக்கூடச் செய்யாம இறங்கிப் போயிட்டாங்க."

கணவன் கடிகாரத்தைப் பார்த்தான். இந்த வருடத்தில் மூன்று பேரிடம் 'முடியாது' வாங்கியாயிற்று. இந்த அம்மாவும் கைவிரித்துவிட்டால், இனிக் கேட்பதற்கு அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை.

பைகளைக் கழற்றினான். மூன்று வருடத்து உப்பு ஈரச் சுண்ணாம்பாக உதிர்ந்தது. பழைய பல் பிரஷால் தேய்த்தான். குழாய் வாயிலிருந்த சல்லடையைக் கழற்றி, ஓட்டை ஓட்டையாக ஊசியால் குத்தினான்.

"போதும்ங்க. தேய்க்கச் சொன்னா தாலாட்டிட்டு இருக்கீங்க."

"நீ சும்மா இரு. அடியில தடவிப் பாத்தா என்ன பண்ணுவே?"

அழைப்பு மணி அடித்தது. வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஏழு வீட்டுச் சாவிகள் கொத்தாகத் தொங்கின. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், நேராகச் சமையலறைக்குப் போனார்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போனான். அவர் குழாயின் அடியில் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருகினார். தண்ணீர் நூல் பிடித்தாற்போல் விழுந்தது.

"யாரு தேச்சது?"

"நான்தான்க்கா."

"சிங்க்கு?"

"அதுவும்தான். தரையும் துடைச்சுட்டேன்."

"பிளம்பரா தம்பி?"

"இல்லக்கா, பேங்க் மேனேஜர்."

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு வேலைன்னு எடுத்தா உசுரைக் குடுத்துச் செய்வாருக்கா."

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். காரியம் பலித்துவிட்டது என்று அவனுக்கு மூச்சு வந்தது.

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம் சொன்னார்:

"ஏழு வீட்டுல பாத்திரம் தேச்சே என் கை ஓஞ்சு போச்சு. இவரு இருக்கும்போது, வீட்டு வேலைக்கு நான் எதுக்கும்மா?"