சாவு வாசம்

ஒரு புற்றில் மேனேஜராக இருந்த கட்டெறும்புக்குப் புற்றின் சட்டம்தான் எல்லாம். சாவு வாசம் அடிக்கிற எறும்பை உடனே தூக்கிக் குப்பைமேட்டில் போட்டுவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. தூக்கிப் போகும்போது சில எறும்புகள், "நான் சாகலையே" என்று காலை உதறும்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க வாசத்தை மட்டும் பாருங்க" என்று மேனேஜர்தான் ஆட்களைப் பழக்கியிருந்தது. குப்பைமேட்டுப் பக்கம் அது போனதே இல்லை.

ஒரு நாள் தூக்க ஆள் போதவில்லை. புற்றின் வேலை நிற்கக் கூடாதே என்று மேனேஜரே ஒரு பிணத்துக்கு வாசல்வரை தோள் கொடுத்தது. திரும்பியபோது காவல் எறும்புகள் இரண்டு, பிணத்தின் வாசம் ஒட்டியிருந்த அதன் முதுகை மோந்து பார்த்தன. பிறகு அதைத் தூக்கின.

"டேய், நான்தான்டா. உயிரோடதான் இருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, ஐயா" என்றது ஒரு காவல் எறும்பு, மரியாதை குறையாமல்.

மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்தது. அதன் இடத்தில் வேறொரு கட்டெறும்பு நின்று வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

குப்பைமேட்டில் பிணமே இல்லை. இத்தனை நாளாக அது அனுப்பிவைத்த எறும்புகள் எல்லாம் புற்று வாசலைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. சற்று முன் அது தோளில் சுமந்த எறும்பு நகர்ந்து இடம் விட்டது.

"வாங்க ஐயா. நாங்க சாகலைன்னு நீங்க வந்து சொன்னாத்தானே உள்ளே போக முடியும்?"